கிணறு பொது, குடம் அவரவருக்கு

ஜாவா படிக்கத் தொடங்கினதும் எங்களுக்குப் பழகிப்போவது, தேவைப்பட்ட இடத்திலெல்லாம் 'நியூ' போடுவது. பத்துக் கிளாஸுக்கு ஒரு சேவை வேணுமெண்டால் பத்துப் பிரதி. ஒவ்வொன்றும் தரவுத்தளத்துக்குத் தனித்தனி இணைப்பு வைத்தால் சுமைதான். அதைத் தவிர்க்க ஸ்டாட்டிக் சிங்கிள்டன் எழுதுகிறோம். அது வேற கரைச்சல்: எந்தக் கிளாஸ் எதில் தங்கியிருக்கு எண்டு வெளியில் தெரியாது, சோதிக்கும்போது அந்த இடத்தில் போலி ஒன்றை வைப்பதும் கஷ்டம்.

மார்ட்டின் ஃபவுலர் 2004இல் எழுதிய கட்டுரையில் விளக்கிய 'டிபென்டன்சி இன்ஜெக்சன்' சொல்வது எளிய விசயம். கிளாஸ் தனக்குத் தேவையானதைத் தானே உருவாக்க வேண்டாம். கன்ஸ்ட்ரக்டர் வழியாக வெளியிலிருந்து கொடுங்கோ. ஒரே ஒப்ஜெக்டைப் பத்துப் பேருக்கும் கொடுக்கலாம். இதுக்கு ஃபிரேம்வேர்க்கும் கட்டாயமில்லை.

ஃபிரேம்வேர்க் பாவித்தால் அதன் வழக்கத்தை அறிந்திருக்க வேணும். நாங்கள் ஒன்றும் குறிப்பிடாவிட்டால், ஸ்பிரிங் ஒரு பீனுக்கு ஒரே பிரதியைத்தான் எல்லாருக்கும் தரும். கூகுளின் 'ஜூஸ்' ஒவ்வொரு தடவையும் புதுசு தரும். இதைக் கவனியாமல், பகிரப்படும் சேவையின் ஃபீல்டில் ஒரு பயனரின் விபரத்தை வைத்தால், அதே நேரம் வருகிற இன்னொருவருக்கு அது போய்ச் சேரலாம். தனியே சோதிக்கும்போது பிழை தெரியாது. கூட்டம் வரேக்கதான் தெரியும். வைத்தியசாலை மென்பொருளில் இப்படி நடந்தால் சின்ன விசயமில்லை.

எங்கட நிலைப்பாடு இதுதான்: சேவையைத் தாராளமாகப் பகிருங்கோ. ஆளுக்குரிய தரவை மெதட்டுக்கு பராமீட்டராக அனுப்புங்கோ, சேவைக்குள்ளே தேக்காதீங்கோ.