எந்தத் தெர்மாமீட்டரை நம்புவது?

பால் பொருள் செய்பவர்கள், குஞ்சு பொரிப்பவர்கள் என்று பலரிடமிருந்தும் இந்த முறை வந்த கேள்விகள் ஒரே கருவியைப் பற்றியவை. அதனால் அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தரப்படுகிறது. கீழே டிகிரி என்று வரும் இடமெல்லாம் சென்டிகிரேடு.

கேள்வி: ஆர்.கே.பேட்டை ஒன்றியத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகளிர் குழுவில் ஐந்து பேர் சேர்ந்து தினமும் 20 லிட்டர் எருமைப் பாலில் பன்னீர் செய்து ஓர் இனிப்புக் கடைக்குக் கொடுக்கிறார்கள். ஒரு நாள் பன்னீர் ரப்பர் மாதிரி இருக்கிறது என்றும், இன்னொரு நாள் குழைகிறது என்றும் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாவது முறையும் இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். குழுவிடம் முள் வைத்த தெர்மாமீட்டர் ஒன்றும் டிஜிட்டல் ஒன்றும் உள்ளன. ஒரே பாத்திரத்தில் ஒன்று 70 காட்டும்போது மற்றது 74 காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: சோதித்துப் பார்க்கும்வரை இரண்டையும் நம்ப வேண்டாம். டிஜிட்டல் என்பதாலேயே அது சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. திரையில் 74.3 என்று புள்ளி வைத்துக் காட்டுகிற கருவியே உண்மையில் இரண்டு டிகிரி தவறாக இருக்கலாம். புள்ளிக்குப் பின்னால் எண் வருவது வேறு, சரியாகக் காட்டுவது வேறு.

பன்னீருக்கு எருமைப் பாலை 90 டிகிரிக்குக் காய்ச்சி, 70 டிகிரிக்கு ஆறவிட்டு, அதே சூட்டில் உள்ள ஒரு சத சிட்ரிக் அமிலக் கரைசலைச் சிறிது சிறிதாக ஊற்றித் திரிக்க வேண்டும். சூடு அதிகமாக இருக்கும்போது திரித்தால் ஈரம் வெளியேறிப் பன்னீர் இறுகிவிடும். சூடு குறைந்தால் ஈரம் தங்கிக் குழையும். ஆகவே நான்கு டிகிரி வித்தியாசம் சின்ன விஷயம் அல்ல. அதிலும் ஒரு நாள் ஒருவர் முள் தெர்மாமீட்டரையும், மறுநாள் இன்னொருவர் டிஜிட்டலையும் எடுத்தால், கடைக்காரரிடமிருந்து இரண்டு புகாரும் வந்ததில் வியப்பில்லை.

சோதிக்க லேபுக்குப் போக வேண்டியதில்லை. இரண்டு சோதனைகள் போதும்.

முதல் சோதனை ஐஸ். சுத்தமான தண்ணீரில் உறைந்த ஐஸை நன்றாகப் பொடித்து, ஒரு பெரிய டம்ளரை அடிவரை நிரப்பவும். இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றவும். ஐஸ் மேலே மிதந்து அடியில் வெறும் தண்ணீர் நின்றால் அடியில் சூடு கூடுதலாக இருக்கும், சோதனை கெடும். தெர்மாமீட்டரை நடுவில் நிறுத்தி, பாத்திரத்தின் அடியும் பக்கமும் தொடாமல், அவ்வப்போது கலக்கி, மூன்று நான்கு நிமிடம் கழித்துப் படிக்கவும். 0 காட்ட வேண்டும். உப்புப் போட்ட ஐஸ் கூடாது. உப்புச் சேர்ந்தால் சூடு 0-க்குக் கீழே வெகுவாக இறங்கிவிடும்.

இரண்டாவது சோதனை கொதிநீர். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது உள்ளே விட்டுப் படிக்கவும். ஆர்.கே.பேட்டை, திருத்தணி போன்ற ஊர்களில் 100 டிகிரிக்கு அரை டிகிரி, ஒரு டிகிரி குறைவாக இருந்தால் சரி. மலைக்குப் போகப் போகத் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். 300 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். ஊட்டியில் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கும். எனவே மலையூர் உறவினர் சொல்லும் கணக்கை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

இனி கணக்கு. ஐஸில் 2, கொதிநீரில் 102 காட்டினால் எல்லா இடத்திலும் இரண்டைக் கழித்துக்கொள்ளலாம். ஐஸில் சரியாக 0 காட்டி, கொதிநீரில் 104 காட்டினால் பிழை சூட்டோடு சேர்ந்து ஏறுகிறது என்று பொருள். 70 டிகிரி அருகில் ஏறக்குறைய 3 கழிக்க வேண்டும். ஒரே இடத்தில் மூன்று முறை சோதித்து மூன்று விதமாகக் காட்டினால் அதைத் தூக்கிப் போடுவதே நல்லது. எப்போதும் ஒரே அளவு தவறும் கருவியைத் திருத்திப் பயன்படுத்தலாம். நாளுக்கு ஒரு மாதிரி காட்டுவதைத் திருத்த முடியாது.

முள் தெர்மாமீட்டர் பலவற்றில் முகப்புக்குப் பின்னால் ஒரு நட்டு இருக்கும். ஐஸில் வைத்தபடியே அதைத் திருப்பி முள்ளை 0-க்குக் கொண்டுவரலாம். இன்னொன்றும் கவனிக்கவும். இந்த வகையில் சூட்டை உணரும் சுருள் தண்டின் கீழ்ப்பகுதியில் ஐந்தாறு சென்டிமீட்டர் நீளத்துக்கு இருக்கும். நுனியை மட்டும் பாலில் நனைத்தால் குறைவாகத்தான் காட்டும். டிஜிட்டலில் உணரும் இடம் நுனியிலேயே இருக்கிறது. குழுவின் 70-க்கும் 74-க்கும் இதுவேகூடக் காரணமாக இருக்கலாம். இரண்டையும் ஒரே ஆழத்தில் வைத்து, பாலைக் கலக்கிவிட்டு, மறுபடி பார்க்கவும்.

கேள்வி: பாலைக் காய்ச்சி விற்கும் பள்ளிப்பட்டு வாசகர் புதிதாக வாங்க நினைக்கிறார். எந்த வகை வாங்கலாம் என்று கேட்கிறார்.

பதில்: எஃகுக் கம்பி நுனி உள்ள, தண்ணீர் புகாத டிஜிட்டல் தெர்மாமீட்டர் பால் வேலைக்கு ஏற்றது. அட்டையில் இரண்டு விவரம் பார்க்கவும்: எத்தனை டிகிரியிலிருந்து எத்தனை டிகிரி வரை படிக்கும் என்பது ஒன்று, எவ்வளவு பிழை இருக்கலாம் என்பது மற்றொன்று. கூட்டல் கழித்தல் 1 டிகிரிக்குள் என்று எழுதியிருப்பதை எடுக்கவும். எதுவும் எழுதாததை விட்டுவிடவும். சில கருவிகளில் சென்டிகிரேடையும் பாரன்ஹீட்டையும் மாற்றும் பட்டன் உண்டு. கை தவறிப் பட்டால் எண் தலைகீழாகிவிடும்.

பாதரசக் கண்ணாடித் தெர்மாமீட்டரை உணவுப் பாத்திரத்தின் பக்கமே கொண்டுபோக வேண்டாம். உடைந்தால் பால் முழுவதும் வீண். பாதரசத்தைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றிருக்கிறது. கண்ணாடிதான் வேண்டும் என்றால் சிவப்புத் திரவம் உள்ளது வாங்கலாம். ஆனால் உள்ளே திரவம் துண்டு துண்டாகப் பிரிந்து நின்றால் அது தப்பாகக் காட்டும்.

கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேராகப் பிடித்த துப்பாக்கி மாதிரியான கருவி பாலுக்கு உதவாது. அது உடல் சூட்டுக்காகச் செய்தது. அதிகச் சூடு படிக்கும் வகைகூட மேல் ஆடையின் சூட்டைத்தான் சொல்லும். பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்தின் மேல் பிடித்தால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும்.

பால் விற்பவர்களுக்கு இதில் பணத்துக்கு மேலும் ஒன்று இருக்கிறது. பாலைப் பதப்படுத்த 63 டிகிரியில் 30 நிமிடம் வைக்க வேண்டும். அல்லது 72 டிகிரியில் 15 விநாடி. காசநோய், புருசெல்லா போன்ற கிருமிகள் சாவதற்கான அளவு இது. நான்கு டிகிரி கூட்டிக் காட்டும் தெர்மாமீட்டரில் 63 பார்த்து அடுப்பை அணைத்தால், பால் உண்மையில் 59 டிகிரியில்தான் இருந்திருக்கும். அந்தப் பாலைக் குடிப்பவர்களில் கைக்குழந்தைகளும் இருப்பார்கள். சோதித்த கருவி இல்லாத வீட்டில் பாலைப் பொங்கக் காய்ச்சுவதே பாதுகாப்பு.

கேள்வி: நாட்டுக்கோழி வளர்க்கும் திருத்தணிப் பகுதி வாசகர், இன்குபேட்டரில் நூறு முட்டை வைத்தால் பாதிகூடப் பொரிக்கவில்லை, மெஷினை மாற்றலாமா என்கிறார்.

பதில்: மெஷினை மாற்றுமுன் அதன் தெர்மாமீட்டரைப் பாருங்கள். விசிறி உள்ள இன்குபேட்டரில் 37.5 முதல் 37.8 டிகிரி வரை இருக்க வேண்டும். சூடு கூடினால் குஞ்சுகள் 21 நாளுக்கு முன்பே வெளிவரும், கரு சாகும். குறைந்தால் நாள் தள்ளிப்போய்க் குஞ்சு சோர்ந்திருக்கும். ஐஸ், கொதிநீர்ச் சோதனை இதற்குப் போதாது. ஒரு டிகிரிகூட இங்கே பெரிது. காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இந்தச் சூட்டில் மிகச் சரியாகப் படிக்கும். ஒரு சொம்பில் 38 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, துணி சுற்றி, இன்குபேட்டரின் உணர்கம்பி தண்ணீர் புகாததாக இருந்தால் இரண்டின் நுனியையும் சேர்த்து வைத்து ஒப்பிடவும். வித்தியாசத்தை மெஷினில் திருத்திக்கொள்ளவும். முட்டை கருக்கூடாதது, திருப்பாமல் விட்டது, ஈரப்பதம் போன்ற காரணங்களையும் அதன் பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கேள்வி: கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், வீட்டிலேயே பீர் தயாரிக்க எந்தத் தெர்மாமீட்டர் சரியாக இருக்கும் என்று கேட்டிருக்கிறார்.

பதில்: தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், சொந்த வீட்டில் சொந்தத்துக்கு என்றாலும் விலக்கில்லை. வீட்டில் செய்ய அனுமதி உள்ள நாடுகளில் முளைகட்டிய பார்லியை 62 முதல் 70 டிகிரிக்குள் ஊறவைப்பார்கள். இரண்டு மூன்று டிகிரி மாறினாலே சுவை மாறும். அவர்களும் இதே ஐஸ் டம்ளரில்தான் கருவியைச் சோதிக்கிறார்கள். பால் பதப்படுத்தும் முறைக்குப் பெயர் தந்த லூயி பாஸ்டரும் முதலில் ஒயின், பீர் கெடுவதைத்தான் ஆராய்ந்தார். சூடு பார்த்து நொதிக்க வைக்கும் கலையில் ஆர்வம் இருந்தால் தயிர் இருக்கிறது. காய்ச்சிய பாலை 40 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு உறை ஊற்றினால் தினமும் ஒரே பதத்தில் உறையும். 50 டிகிரிக்கு மேல் ஊற்றினால் உறைக்கிருமி செத்துப்போகும்.

கேள்வி: கறந்தவுடன் பாலைக் கொண்டுபோனால் சங்கத்தில் தண்ணீர் கலந்தது என்கிறார்கள் என்று ஒருவர் வருந்துகிறார்.

பதில்: லாக்டோமீட்டர் ஒரு குறிப்பிட்ட சூட்டுக்குச் செய்யப்பட்டது, அந்த அளவு அதன் மேலேயே எழுதியிருக்கும். கறந்த சூட்டோடு பால் அடர்த்தி குறைந்திருக்கும்; கருவி சற்று கூடுதலாக மூழ்கித் தண்ணீர் கலந்த மாதிரி காட்டும். பால் ஆறிய பிறகு, அல்லது சூட்டையும் அளந்து திருத்தம் சேர்த்துப் படிக்கும்படி கேட்கலாம். அது உங்கள் உரிமை.

முடிவாக ஒரு வேலை. மாதம் ஒரு முறையும், கருவி கீழே விழுந்த அன்றும், பேட்டரி மாற்றிய அன்றும் ஐஸ் சோதனை செய்யவும். சோதித்த தேதியையும், எத்தனை கூட்ட வேண்டும் அல்லது கழிக்க வேண்டும் என்பதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கருவியின் உறையில் ஒட்டவும். குழுவாகச் செய்பவர்கள் இரண்டு தெர்மாமீட்டர் வைத்திருந்தாலும் தினமும் ஒன்றையே பயன்படுத்தவும். மற்றது ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். பால் பொருள் பயிற்சிக்கு அலமாதி அருகேயுள்ள உணவு மற்றும் பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரியையும், பிற பண்ணைத் தொழில்களுக்குத் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். போகும்போது தெர்மாமீட்டரையும் கையோடு கொண்டுபோகவும்.