ஒரு பெட்டி போதும்

அடுத்த ஆண்டு பணிநிறைவு பெறவிருக்கும் இயற்பியல் துறை நண்பர் ஒருவர், சென்ற மாதம் ஆசிரியர் அறையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பணிக்கொடையில் ஒரு பங்கை இசை கேட்பதற்கென ஒதுக்கிக்கொள்ள அவருக்கு வீட்டில் அனுமதி கிடைத்துவிட்டது. நல்ல ஸ்பீக்கர்கள் வாங்கியாயிற்று. "ப்ரீ-ஆம்ப், பவர் ஆம்ப் என்று இரண்டையும் தனித்தனியாக வாங்குவதா, இரண்டும் ஒன்றாய் இருக்கும் இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்குவதா?" இயற்பியல்காரர் தமிழ்க்காரனிடம் கேட்கும் கேள்வியா இது என்று அருகில் இருந்தோர் சிரித்தனர். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இந்த வழியில் நடந்து பணத்தைத் தொலைத்தவன் எங்கள் கல்லூரியில் நான் ஒருவனே.

"ஒன்றாய் இருப்பதையே வாங்குங்கள்" என்றேன். மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போய்விட்டேன். அன்று சொல்லாமல் விட்ட காரணங்களை இங்கே எழுதுகிறேன். அவருக்காக மட்டும் அன்று.

முதலில் ஒரு சொல் பற்றி. ஆம்ப்ளிஃபயரைத் தமிழில் ஒலிபெருக்கி என எழுதவே எனக்கு ஆசை. ஆனால் ஒலிபெருக்கி என்றதும் நம்மவர் மனத்தில் வருவது கோயில் கொடையில் கட்டும் புனல்தான். ஆகவே வழக்கிலுள்ள சொற்களையே ஆள்கிறேன். தமிழாசிரியன் என்பதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பொருள் விளங்கினால் போதும்.

ஆம்ப்ளிஃபயருக்கு வேலை இரண்டு. எந்தக் கருவியின் ஒலி வேண்டும் எனத் தேர்வதும், ஒலியளவைக் கூட்டிக் குறைப்பதும், இசைத்தட்டின் ஊசியிலிருந்து வரும் சில மில்லிவோல்ட் அளவேயான மெல்லிய மின்குறிப்பை வளர்த்தெடுப்பதும் ப்ரீ-ஆம்பின் வேலை. அவ்வாறு வந்த குறிப்புக்கு ஸ்பீக்கரை அசைக்கும் வலிமையைத் தருவது பவர் ஆம்பின் வேலை. இவ்விரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்தால் அது இன்டகிரேட்டட்.

இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பவர்களின் வாதங்கள் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. பவர் ஆம்பின் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் தன்னைச் சுற்றிக் காந்தப்புலத்தைப் பரப்புகிறது. மெல்லிய குறிப்பு அதன் அருகே சென்றால் இரைச்சல் ஒட்டிக்கொள்ளும். ஒரே மின்வழங்கியை இருவரும் பங்கிட்டால், ஒருவருக்குப் பசி மிகும்போது மற்றவர் தடுமாறுவார். தனித்தனியாக வைத்திருந்தால் இன்று ஒன்று, பிறகு ஒன்று என உயர்த்திக்கொண்டே போகலாம். முதல் இரண்டும் பொறியியல் வாதங்கள். நல்ல பொறியாளர்கள் அவற்றுக்கு விடை கண்டிருக்கிறார்கள். காந்தக் கசிவு குறைந்த வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர், உலோகத் தடுப்பு, பெட்டிக்குள்ளேயே தள்ளிவைத்தல், இரு பகுதிகளுக்கும் தனித்தனி மின்சுற்று என்பன அவ்விடைகள். உயர்தர இன்டகிரேட்டட் ஒன்றின் மூடியைத் திறந்து பார்த்தவர்க்கு, விலையின் பெரும்பகுதி எங்கே போயிற்று என்பது விளங்கும். மூன்றாவது வாதம் மனிதரின் இயல்பைப் பற்றியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பிரிவினைவாதிகள் பேசாது விடும் ஓர் இடம் உண்டு. இரண்டு பெட்டிகளும் சந்திக்கும் இடம் அது. நன்னூல் கற்பிக்கும் எவர்க்கும் அந்த இடத்தில் ஐயம் எழ வேண்டும். நிலைமொழியும் வருமொழியும் தனித்தனியே குற்றமற்றவையாய் இருக்கலாம்; சேரும்போதுதான் விகாரம் பிறக்கிறது. பூவும் கொடியும் சேர்ந்தால் இடையில் ஓர் எழுத்து தோன்றிப் பூங்கொடி ஆகிறது. பொன்னும் குடமும் சேர்ந்தால் ஓர் எழுத்து திரிந்து பொற்குடம் ஆகிறது. மரமும் வேரும் சேர்ந்தால் ஓர் எழுத்து கெட்டு மரவேர் ஆகிறது. தோன்றல், திரிதல், கெடுதல் ஆகிய மூன்றையும் நான் வகுப்பில் கற்பித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், வீட்டில் என் பெட்டிகள் அம்மூன்றையும் எனக்குச் செய்முறையில் கற்பித்துக்கொண்டிருந்தன.

தோன்றல்: இரு பெட்டிகளும் தனித்தனி மின்கம்பியால் சுவரோடு இணைகின்றன, இடையில் ஒலிக்கம்பியாலும் இணைகின்றன. இவ்வாறு நிலமின் இணைப்பு ஒரு வளையமாகிவிட்டால், எந்தப் பாடலிலும் இல்லாத 50 ஹெர்ட்ஸ் முரலல் ஒன்று ஸ்பீக்கரில் தோன்றிவிடுகிறது. கெடுதல்: என் ப்ரீ-ஆம்ப் வால்வு வகை, அதன் வெளியீட்டு மின்மறுப்பு சில ஆயிரம் ஓம். பவர் ஆம்ப் டிரான்சிஸ்டர் வகை. அதன் உள்ளீட்டு மின்மறுப்பு பத்தாயிரம் ஓம் மட்டுமே. பின்னது முன்னதைப் போலக் குறைந்தது பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது இத்துறையில் பழகிவந்த விதி. அந்த விதி மீறப்பட்டதால் தாழ்ந்த சுரங்கள் மெலிந்தன. மிருதங்கத்தின் தொப்பி அட்டையைத் தட்டினாற்போல் ஒலித்தது. திரிதல்: சிடி பிளேயர் ஏறத்தாழ 2 வோல்ட் தருகிறது, பல பவர் ஆம்ப்களுக்கு முழுவலிமை காட்ட அதுவே போதும். அதற்கு இடையில் ப்ரீ-ஆம்பும் தன் பங்குக்குப் பெருக்குகிறது. விளைவு, ஒலியளவுக் குமிழை ஒன்பது மணிக்கு மேல் திருப்ப இயலாது. அந்தத் தொடக்கப் பகுதியில்தான் சாதாரணக் குமிழ்கள் இடத்தையும் வலத்தையும் சமமாகத் தருவதில்லை. நடுவில் அமர்ந்து பாட வேண்டிய பாடகர் சற்று இடப்புறம் நகர்ந்து அமர்ந்துவிடுவார்.

இரண்டு பெட்டிகளும் வெவ்வேறு நிறுவனத்தவை. ஒவ்வொன்றும் தன்னளவில் சிறந்தது. இன்றும் அப்படியே சொல்வேன். ப்ரீ-ஆம்ப் விற்றவர் குற்றம் பவர் ஆம்பில் என்றார். பவர் ஆம்ப் விற்றவர் குற்றம் ப்ரீ-ஆம்பில் என்றார். கம்பி விற்றவர் மட்டும் இருவர் சொல்வதும் சரி என்று கூறி, மூன்று முறை கம்பி விற்றார்.

இன்டகிரேட்டட் செய்பவர்க்கு இந்தத் தப்புவழி கிடையாது. எவ்வளவு பெருக்க வேண்டும், எந்தக் கட்டத்தில் பெருக்க வேண்டும், ஒரு கட்டம் அடுத்ததற்கு எத்தகைய சுமையாய் அமையும் என்பனவற்றை ஒருவரே முடிவு செய்கிறார். இரு பகுதிகளுக்கும் இடையிலான தொலைவு சில அங்குலம். புணர்ச்சி இயல்பாக நிகழ வேண்டும் என்பதே அவருடைய வேலை. நிகழவில்லையெனில் பழியும் அவருடையதே.

சரித்திரத்தைப் புரட்டினால், பிரிந்த பெட்டிகள் என நாம் போற்றுபவை தொடக்கத்தில் அவ்வளவு பிரிந்தவை அல்ல என்பதும் தெரிகிறது. இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் 1936-இல் தொடங்கிய நிறுவனம், 1953-இல் குவாட் II என்னும் வால்வு பவர் ஆம்பை வெளியிட்டது. 15 வாட் வலிமையுடைய அதன் துணையாக வந்த கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தனி மின்வழங்கி இல்லை; பவர் ஆம்பிலிருந்தே மின்சாரம் பெற்றது. கனமும் சூடும் மிக்க பகுதியை அலமாரியின் அடியில் வைத்துவிட்டு, குமிழ்களை மட்டும் கைக்கெட்டும் உயரத்தில் வைப்பதற்கு ஏற்ற பிரிவு அது. இரண்டையும் வரைந்தது ஒரே நிறுவனம். ஒன்றுக்கென்றே மற்றொன்று பிறந்தது. ஆகவே பெட்டிகள் எத்தனை என்பதைக் காட்டிலும், அவற்றை ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள் செய்தார்களா என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரே நிறுவனத்தின் பொருத்தமான இணையை வாங்குபவரோடு எனக்கு வழக்கில்லை. கடைக்குக் கடை சென்று தலையை ஓரிடத்திலும் உடலை வேறிடத்திலும் வாங்கிப் பொருத்துபவரோடுதான் வழக்கு. அவ்வாறு செய்தவன் என்ற முறையில் என்னோடும்.

இன்டகிரேட்டட் என்றால் வசதியற்றோரின் சமரசம் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. 1978-இல் வந்த என்ஏடி 3020, கணக்கில் 20 வாட் மட்டுமே காட்டியது. எரிக் எட்வர்ட்சென் வடிவமைத்த அந்த எளிய பெட்டி, தன்னைவிடப் பன்மடங்கு விலையுள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பேசப்பட்டது. 1983-இல் வந்த நெய்ம் நிறுவனத்தின் நெய்ட் அதைவிடவும் குறைந்த வாட்டுடன், சுரத்தன்மைக் குமிழ்கள்கூட இல்லாமல் வந்தது. மறுமுனையில் ஜப்பானின் ஆக்யூஃபேஸ். 1972-இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம் முதலில் பிரிந்த பெட்டிகளையே செய்தது. ஆனால் 1974-இலேயே இ-202 என்னும் இன்டகிரேட்டடையும் கொண்டுவந்தது. இன்றுவரை அந்த வரிசையை அது கைவிடவில்லை. நம் நாட்டில் அவை சில இலட்சங்கள் விலைபெறும். லக்ஸ்மன், பாஸ் லேப்ஸ், கிரிஃபன் முதலியோரும் இவ்வாறே. பிரிந்த பெட்டிகளால் பெயர்பெற்றவர்கள் இதையும் முழு அக்கறையோடு செய்கிறார்கள் எனில், அது சமரசப் பொருளாய் இருக்க முடியாது.

"வாட் போதுமா?" என்று நண்பர் மறுபடியும் கேட்பார். இயற்பியல்காரருக்கு நான் கணக்குச் சொல்வது அதிகப்பிரசங்கம்தான், பிறர்க்காகச் சொல்கிறேன். வாட்டை இரட்டித்தால் ஒலி மூன்று டெசிபல் மட்டுமே கூடும். நம் செவிக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 100 வாட்டிலிருந்து 150 வாட்டுக்குப் போவதற்காகத் தனிப்பெட்டி வாங்குபவர் இரண்டு டெசிபல்கூட ஈட்டுவதில்லை. நம் வீட்டுக் கூடங்களில், சாதாரண ஸ்பீக்கர்களில், அண்டை வீட்டார் கோபிக்காத அளவில் கேட்கையில் செலவாவது பெரும்பாலும் ஓரிரு வாட்தான். மிச்சமெல்லாம் தவிலின் ஒரு திடீர் அடிக்காகக் காத்திருக்கும் சேமிப்பு.

இனி மூன்றாவது வாதம்: ஒவ்வொன்றாக உயர்த்திக்கொள்ளலாம் என்பது. பத்தாண்டுகள் நான் செய்தது அதைத்தான். ப்ரீ-ஆம்பை மாற்றினால் பவர் ஆம்பின் குறை தெரியும். அதை மாற்றினால் கம்பியின் குறை தெரிவதுபோல் இருக்கும். ஒரு மாலை, இசையில் ஈடுபாடுள்ள மாணவர் ஒருவரை வீட்டுக்கு அழைத்திருந்தேன். பழைய நாகசுர இசைத்தட்டு ஒன்றைக் கேட்பதாக ஏற்பாடு. தட்டை வைத்தேன், முரலல் கேட்டது. எடுத்துவிட்டுக் கம்பியை மாற்றினேன். வேறு சுவர்ப்புள்ளியில் செருகினேன். இரண்டு நிமிட ஆலாபனையை நான்கு முறை தொடக்கத்திலிருந்து போட்டு, "இப்போது வேறுபாடு தெரிகிறதா?" என்று கேட்டேன். ஒரு மணி நேரம் கழிந்தபின் அந்தப் பிள்ளை மிகப் பணிவாகக் கேட்டார்: "ஐயா, முழுசா எப்போ போடுவீங்க?"

அவர் போனபின் எண்ணிப் பார்த்தேன். அந்த ஆண்டு முழுவதும் ஒரு தட்டையேனும் இருபுறமும் நான் கேட்டிருக்கவில்லை. அதே வாரம் ஒரு சோதனை ஒலியைப் படிப்படியாக உயர்த்திக் கேட்டுப் பார்த்தபோது, 14,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எனக்கு எதுவும் கேட்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து மகள் வந்து, என்ன அது காதைக் கிழிக்கிறது என்றாள். வயது ஏற ஏறச் செவியின் மேல்வரம்பு இறங்கும் என்பதைப் படித்திருக்கிறேன். என் செவியும் அதில் அடக்கம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். பெட்டிகளை உயர்த்திக்கொண்டிருந்த பத்தாண்டுகளில் செவி தன் பங்குக்கு இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பெட்டியை இனியும் வாங்கலாம். அந்த ஆண்டுகளின் செவியை எங்கே வாங்குவது?

இரண்டையும் விற்று, இழப்போடு, உயர்தர இன்டகிரேட்டட் ஒன்றை வாங்கினேன். ஒரு பெட்டி, ஒரு மின்கம்பி. மாற்றுவதற்கு ஏதும் இல்லை என்பதே அதன் பெரிய வசதி.

அது எல்லோர்க்கும் பொருந்தும் என்று சாதிக்கமாட்டேன். சில ஸ்பீக்கர்கள் இரண்டு ஓம் வரை இறங்கி மின்னோட்டத்தை விழுங்குபவை. பெரிய கூடத்தில் உரக்கக் கேட்பவர்களும் உண்டு. அங்கே தனி பவர் ஆம்ப் தேவையாகலாம். இன்டகிரேட்டட் பழுதானால் முழுவீடும் மௌனமாகும் என்பதும் உண்மை. இன்று வருவனவற்றுள் பல, டிஜிட்டல் பகுதியையும் இணைய வசதியையும் உள்ளே திணித்துக்கொண்டு வருகின்றன. ஆம்ப்ளிஃபயர் இருபதாண்டு வாழும். அந்தப் பகுதி சில ஆண்டுகளிலேயே பழசாகிவிடும். ஆகவே அது இல்லாததையோ, கழற்றி மாற்றத்தக்க பலகையாக உள்ளதையோ தேர்வது நல்லது.

சென்ற ஞாயிறு நண்பர் வீட்டுக்கு வந்திருந்தார். அந்த நாகசுரத் தட்டையே வைத்தேன். பெட்டியின் பெயரையும் அவர் கேட்கவில்லை, விலையையும் கேட்கவில்லை. ஊசி கடைசி வளையத்துக்கு வந்து நின்றதும், "மறுபக்கம் திருப்புங்கள்" என்றார்.