என்ன மாறியது? ஏன் மாறியது?

கணினி நிரல் எழுதும் நம் மாணவர்களுக்குப் பிடிக்காத வேலை ஒன்று உண்டு. செய்த மாற்றத்தை நாலு பேருக்குப் புரியும்படி எழுதி வைப்பதுதான் அது. 'சேஞ்ச்லாக்' எனப்படும் இதனை நாம் மாற்றக் குறிப்பு என்று சொல்லலாம். ஒரு மென்பொருளின் ஒவ்வொரு பதிப்பிலும் புதிதாக வந்தது எது, திருத்தப்பட்டது எது, நீக்கப்பட்டது எது என்பதைப் பயனருக்குச் சொல்லும் ஏடு அது.

"அதுதான் கிட் இருக்கிறதே, தனியாக ஒரு குறிப்பு எதற்கு?" என்று பலர் கேட்கின்றனர். 2005ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட், எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்பதைப் பதிந்து வைக்கும் என்பது உண்மையே. ஆனால், அந்தப் பதிவு வேறு. மாற்றக் குறிப்பு வேறு. நம் கழகத்தையே எடுத்துக்கொள்வோம். செயலவை பல முறை கூடுகிறது. ஒவ்வொரு கூட்டத்திற்கும் குறிப்பு உண்டு. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் அவற்றை எல்லாம் நகலெடுத்து உறுப்பினர் கையில் கொடுத்துவிட்டு அமர்ந்துவிடுவதில்லை. முக்கியமானதைத் தேர்ந்து ஆண்டறிக்கையாக எழுதுகிறார். கிட்டின் பதிவு கூட்டக் குறிப்பைப் போன்றது. மாற்றக் குறிப்போ ஆண்டறிக்கை. "எழுத்துப்பிழை திருத்தம்", "மீண்டும் முயற்சி" என்று நூறு வரிகளைக் கொட்டினால் பயனருக்கு என்ன பயன்?

எழுதாவிட்டால் என்ன நட்டம் என்று எண்ணுவோருக்கு டெபியன் லினக்ஸின் வரலாறு விடை தரும். அங்கு ஒவ்வொரு மென்பொருள் பொதிக்கும் மாற்றக் குறிப்பு கட்டாயம். பதிப்பு எண், மாற்றம், பொறுப்பாளர் பெயர், நாள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டில், இணையப் பாதுகாப்புக்கு உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில், ஒரு சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை நிறுத்துவதற்காகச் சில வரிகள் செயலிழக்கச் செய்யப்பட்டன. யாராலும் ஊகிக்க முடியாதிருக்க வேண்டிய சாவிகள், அதனால் ஒவ்வொரு வகையிலும் ஏறத்தாழ 32,768 என்ற சிறிய எண்ணிக்கைக்குள் அடங்கிவிட்டன. 2008 மே 13ஆம் நாள்தான் இது உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

குறிப்பு அந்தத் தவற்றைத் தடுக்கவில்லை; இதை மறுப்பதற்கில்லை. ஆனால், என்ன மாற்றம், எதற்காக என்பது அந்தப் பொதியின் மாற்றக் குறிப்பில் எழுதப்பட்டிருந்தது. பாதிப்பு 0.9.8சி-1 பதிப்பில்தான் தொடங்கியது என்று அறிவிப்பும் தெளிவாகச் சொன்னது. எந்தச் சாவியை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்ய உலகெங்கும் உள்ளவர்களுக்கு அது உதவியது. அங்கே "வழு நீக்கம்" என்ற இரண்டு சொல் மட்டும் இருந்திருந்தால், அந்த மாற்றத்தின் காரணத்தை எங்கே போய்த் தேடுவது?

சரி, எப்படி எழுதுவது? ஒவ்வொரு சிறு மாற்றத்தின்போதும் குறிப்புக் கோப்பைத் தொட்டால் சிக்கல்தான். இருவர் தனித்தனிக் கிளைகளில் வேலை செய்து, இருவருமே கோப்பின் தலைப்பில் எழுதியிருந்தால், கிளைகளை இணைக்கும்போது மோதல் உண்டாகும். அதனால், ஒவ்வொரு கமிட்டிலும் காரணத்தோடு செய்தி எழுதுவோம். வெளியிடும் நாளில் அவற்றைத் திரட்டுவோம். டெபியன் பொதிகளுக்கு கிட்-பில்ட்பேக்கேஜ் என்ற கருவி இந்தத் திரட்டும் வேலையைச் செய்கிறது. பயனருக்குத் தேவையற்ற கமிட்டை விட்டுவிடவும் அதில் வழியுண்டு. ஆனால், அத்துடன் நிறுத்திவிடக்கூடாது. திரட்டியதைப் படித்து, பயனரின் நிலையிலிருந்து திருத்தி எழுதுவது மனிதன் செய்ய வேண்டிய வேலை. கருவி தொகுக்கும், எது முக்கியம் என்பது அதற்குத் தெரியாது.

நேரமில்லை என்பது சிலரின் வாதம். பத்து நிமிடம் எழுதச் சோம்பினால், பின்னால் வருபவர் பத்து நாள் தேட வேண்டிவரும். நாம் மூன்று, நான்கு ஆண்டுகளில் பட்டம் பெற்றுப் போய்விடுவோம். நாம் எழுதிய நிரலை ஏற்று நடத்தப்போவது நம்மை நேரில் பார்த்திராத ஓர் இளைய மாணவராக இருக்கலாம். அவரிடம் நாம் பேசக்கூடிய ஒரே வழி இந்தக் குறிப்புதான். ஆகவே நண்பர்களே, அடுத்த பதிப்பை வெளியிடுமுன் என்ன மாறியது, ஏன் மாறியது என்று நாலு வரி எழுதுங்கள். நிரல் எழுதுவது திறமை. அதை விளக்கி வைப்பது பொறுப்பு.