கை படாத கல்வி

ஆற்றில் இறங்காதவன் நீச்சலுக்கு வாத்தியாராகலாமா? அப்படியானால் இரும்பைத் தொடாதவன் மாத்திரம் எப்படி இஞ்சினீயராகலாம்?

அமெரிக்காவில் யந்திரத் தொழிலுக்குப் பேர்போன சின்சினாட்டி நகரத்துச் சர்வகலாசாலையில், 1906-ம் வருஷத்தில், ஹெர்மன் ஷ்னைடர் என்பவர் ஓர் ஏற்பாடு செய்தார். மாணவர்கள் 27 பேர். ஒரு வாரம் வகுப்பு; மறு வாரம் தொழிற்சாலை. செய்த வேலைக்குக் கூலியும் உண்டு. நிர்வாகிகள் ஒரு வருஷச் சோதனையாகத்தான் சம்மதித்தார்கள். சோதனை தோற்கவில்லை. 1957-ல் கனடாவின் வாட்டர்லூவிலும் இம்முறையிலேயே இஞ்சினீயர் படிப்பைத் துவக்கினார்கள்.

"படிக்கிற பிள்ளை கூலிக்காரனோடு நிற்பதா? கல்வியின் கௌரவம் என்னாவது?" என்று மூக்கைச் சுளிப்பவர்கள் இன்றும் உண்டு. உளி தேய்ந்து, இரும்பு சூடேறி, அளவு மயிரிழை தவறும்போது புஸ்தகம் வந்து கை கொடுக்குமா? பரீட்சை எழுதாத தொழிலாளியல்லவா அதைச் சொல்லிக் கொடுக்கிறான்! அவனிடம் பட்டதாரி பாடங் கேட்கவேண்டியிருக்கிறதே என்பதுதான் இவர்களுக்குக் கசக்கிறது. கௌரவமாவது வெங்காயமாவது!

முதலாளிகளுக்கும் ஒன்று சொல்லுகிறோம். பயிற்சி என்று பெயர் வைத்துக்கொண்டு, கூலியில்லாமல் மூட்டை சுமக்கவிட்டு, முடிவில் ஒரு சர்டிபிகேட்டை நீட்டுவது கல்வியல்ல, பகற்கொள்ளை.

ஆகவே, பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர்களே! மூன்று கேள்விகள் கேளுங்கள்: கூலி உண்டா? தொழில் கற்றுக் கொடுக்க ஆள் உண்டா? கற்றதைப்பற்றிக் கல்லூரி விசாரிக்குமா? மூன்றில் ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள்.