தவளைக் கருவில் ஒரு பசை
மழைக்காலக் குட்டையில் தவளை முட்டைகளைப் பார்த்து 'ஐயே!' என்று முகம் சுளிக்காதீர்கள், சகோதரிகளே. தாயாகப் போகிறவளுக்கு அதில் ஒரு சேதி இருக்கிறது.

1955-ல் அமெரிக்காவில் டவுன்ஸ், ஹோல்ட்ஃப்ரெட்டர் என்ற இருவர், தவளை, சாலமாண்டர் கருக்களைக் காரநீரில் இட்டு உயிரணுக்களை உதிர்த்தார்கள். தோலாக வேண்டியவை, நரம்பாக வேண்டியவை எல்லாவற்றையும் கலந்து விட்டுவைத்தார்கள். என்ன ஆச்சு தெரியுமா? கலந்த அரிசியும் உளுந்தும் தானாகவே பிரிந்த மாதிரி, தோல் அணுக்கள் வெளியே போர்வையாயின. நரம்பு அணுக்கள் உள்ளே திரண்டன!

ஆள் பார்த்து ஒட்டும் இந்தப் பசைகளில் முக்கியமானது கேட்ஹெரின் என்ற புரதம். 1980-களில் ஜப்பானின் டகெய்ச்சி இதை அடையாளம் காட்டினார். சுண்ணாம்புச் சத்து இருந்தால்தான் அது பிடிக்கும்.

கருவின் முதுகில் ஒரு தகடு சுருண்டு குழாயாகிறது. அதுதான் பிறகு மூளையும் தண்டுவடமும். சுருளும்போது அந்த அணுக்கள் தோலின் பசையை விட்டு வேறு பசைக்கு மாறுகின்றன. 1990-ல் தவளைக் கருவின் தோலிலும் நரம்புப் பசையை உண்டாக்கிப் பார்த்தார்கள்; இரண்டுக்கும் நடுவே எல்லை சரியாக விழவில்லை.

நம் வயிற்றுப் பிள்ளைக்கும் இந்தக் குழாய் கருத்தரித்து 28 நாளுக்குள் மூட வேண்டும். 'நாள் தள்ளிப்போச்சோ?' என்று நாம் சந்தேகப்படும் சமயம் அது! அதனால்தான் கருத்தரிக்கும் முன்பே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சாப்பிடச் சொல்கிறார்கள். (பசை விஷயம் வேறு, இது வேறு, குழாய் மட்டும் அதே குழாய்.) கீரை மட்டும் போதாது. முன்பு இந்தக் குறையோடு குழந்தை பெற்றவர்களுக்கு அளவு அதிகம், டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.