மஞ்சட் சட்டை அணியாத வீரர்

திருப்பூர் நகரின் ஒரு பகுதியாகிய மண்ணரையில் மஞ்சள் நிறப் பனியன் அரிய பொருளன்று. நூலைப் பின்னித் துணியாக்கி, சாயமேற்றி, வெட்டித் தைத்து, கட்டுக் கட்டாக அயல்நாடுகளுக்கு அனுப்புவதே அவ்வட்டாரத்தின் தொழில். அத்தகைய பின்னற்சட்டை ஒன்றற்காகப் பல்லாண்டு முயன்றும், அதனை ஒருநாளேனும் அணியப் பெறாத மிதிவண்டி வீரர் ஒருவர் பிரான்சு நாட்டில் வாழ்ந்தார். ரேமோன் பூலிதோர் என்பது அவர் பெயர்.

அந்நாட்டில் 1903ஆம் ஆண்டு தொடங்கிய ‘தூர் த பிரான்சு’ என்னும் மிதிவண்டிப் பந்தயம் ஏறத்தாழ மூன்று வாரம் நடைபெறுவது. ஒவ்வொரு நாளும் ஓடிய நேரத்தைக் கூட்டி, குறைந்த நேரம் கொண்டவர்க்கு மஞ்சட் சட்டை அணிவிப்பர். உழவர் குடியில் 1936இல் பிறந்த பூலிதோர், 1962 முதல் 1976 வரை 14 முறை இப்பந்தயத்திற் கலந்துகொண்டார். மும்முறை இரண்டாமிடமும், ஐம்முறை மூன்றாமிடமும் எய்தினார். 1973இல் முதல்நாட் சட்டை ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தால் கைந்நழுவியது.

1964ஆம் ஆண்டுப் போட்டியே பெரும்புகழ் பெற்றது. அவருடைய எதிரி ஜாக் ஆங்க்தில் அதற்குமுன் நான்கு முறை வென்றவர். காலத்தைக் கணக்கிட்டு ஓட்டுவதில் நிகரற்றவர். புய் த தோம் என்னும் மலையேற்றத்தில் இருவரும் தோளோடு தோள் உரச, ஒருவரையொருவர் நோக்காமல் ஏறினர். உச்சியை அணுகுகையில் பூலிதோர் முந்தினார். 42 நொடி ஈட்டினார். ஆயினும் 14 நொடி குறைந்தது. பாரிசு நகரில் பந்தயம் முடிந்தபோது 55 நொடியால் தோற்றார். இத்தோல்விக்கு ஊழை மட்டும் நோவது முறையாகாது. மொனாக்கோவில் இன்னும் ஒரு சுற்று எஞ்சியிருப்பதை மறந்து, முடிந்துவிட்டதென எண்ணி முன்னதாகவே விரைந்தவர் அவரே. அங்கு வென்ற ஆங்க்திலுக்கு ஒரு நிமிடம் சலுகையாகக் கிடைத்தது.

எனினும் மக்கள் ஆங்க்திலை மதித்தனர், பூலிதோரை நேசித்தனர். ‘பூப்பூ’ என்று வீட்டுப் பிள்ளையை அழைப்பதுபோல் அழைத்தனர். இஃது இரக்கத்தால் விளைந்தது என்பாரும் உளர். அது பொருந்தாது. 1961இல் மிலான்–சான்ரேமோ பந்தயத்தையும், 1964இல் இசுபெயின் நாட்டுச் சுற்றுப் பந்தயத்தையும் வென்றவர்க்கு இரக்கம் எதற்கு? அகவை 36 ஆனபின்னும் பாரிசு–நீசுப் பந்தயத்தில் மெர்க்சு என்னும் மாவீரரை வென்றார். வெண்ணிப் போரிற் கரிகாலன் வென்றான். ஆயினும் புறப்புண் நாணி வடக்கிருந்த சேரனே அவனினும் நல்லன் என வெண்ணிக் குயத்தியார் அவ்வெற்றி வேந்தனிடமே பாடினார். புறநானூற்றில் உள்ள அப்பாட்டை இரக்கப்பாட்டு என்று எவரும் சொல்லார். தோற்றவனிடம் வென்றவனிடம் இல்லாத ஒன்றைக் கண்டுபிடிக்கும் கண் மக்களுக்கு உண்டு.

1977இல் ஓய்வு பெற்றபின்பும் பூலிதோர் ஆண்டுதோறும் பந்தயத்திற்கு வந்தார். சட்டைக்குப் பொருளுதவி செய்யும் வங்கியின் சார்பில் மஞ்சள் உடையணிந்தே அவர் நின்றது வேடிக்கைதான். 2019 நவம்பரில் மறைந்தார்.

அவர் மகள் வயிற்றுப் பேரர் மதியூ வான் தெர் போல், 2021இல் முதன்முறையாக இப்பந்தயத்திற் கலந்துகொண்டு, இரண்டாம் நாளே மஞ்சட் சட்டையை வென்றார். எல்லைக்கோட்டைக் கடக்கையில் வானை நோக்கி விரல் உயர்த்தினார். பின்னர்ப் பாட்டனாரைப் பற்றிப் பேசத் தொடங்கியவர் அழுதுவிட்டார்.