படம் சொல்லுவதே முடிவா?

"பெரிய டாக்டர் சொன்னால் தவறிருக்குமா?" என்கின்றார்கள். ஏன் இருக்கக்கூடாது? டாக்டரும் மனிதர்தானே!

இங்கிலாந்தில் கெல்கிரன், லாரன்ஸ் என்னும் இரு டாக்டர்கள், மூட்டுத் தேய்மானத்தை எக்ஸ்ரே படத்தில் பார்த்து 0 முதல் 4 வரை தரம்பிரிக்கும் முறையை 1957-ல் வெளியிட்டார்கள். "எங்கள் கண்ணை நம்புங்கள்" என்று அவர்கள் சொல்லிவிடவில்லை. ஒரே படங்களை இருவரும் தனித்தனியே பார்த்தார்கள். பின்னர் மறுபடியும் பார்த்தார்கள். ஒருவருக்கொருவர் எவ்வளவு மாறுபட்டார்கள், முன் சொன்னதற்குத் தாமே எவ்வளவு மாறுபட்டார்கள் என்று கணக்கெடுத்து, அதையும் கூசாமல் அச்சிட்டார்கள். இதுவல்லவோ நாணயம்! அம்முறை இன்றும் வழக்கிலிருக்கின்றது.

ஆனால் படம் எலும்பைக் காட்டுமேயொழிய வலியைக் காட்டாது. தேய்மானம் நன்றாய்த் தெரிந்தும் நோகாமல் நடப்பவருண்டு. படத்தில் ஒன்றுமில்லாதிருந்தும் படியேற முடியாதவருண்டு. இதுவும் ஆராய்ச்சியில் கண்டதே. அப்படியிருக்க, படத்தை மட்டும் பார்த்துவிட்டு, "உனக்கொன்றுமில்லை, போ" என்று ஒரு கிழவியைத் திருப்பியனுப்புவது எந்த விஞ்ஞானம் என்று கேட்கின்றோம்.